கேம் மூடிக்குள் ஒரு கலாட்டா

செந்துறை ஷெட்டுக்குள் எந்த வண்டி வந்தாலும் சொந்தக்காரர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, டாப்பெட் அடிக்குது." மேனிஃபோல்டு பேக்கிங் பொத்துப்போய்ப் புகை கசிந்தாலும் டாப்பெட். டைமிங் செயின் தொங்கிப்போய் உரசினாலும் டாப்பெட். ஃபேன் பெல்ட் பிய்ந்து எதிலோ பட்டாலும் டாப்பெட்டேதான். மெக்கானிக் அண்ணன் மறுத்துப் பேசமாட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுப்பார், அதன் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கூட வந்த நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள். ஐந்து வினாடியில் தீர்ப்பு வந்துவிடும்.

நான் போன நேரத்தில் தீர்ப்புக்காக நின்றது ஒரு வெள்ளை அம்பாசடர். கவர்மென்ட் வண்டியாக ஓடி, ஏலத்தில் கைமாறி, இப்போது கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் பூ சுற்றிக்கொண்டு போகிற வண்டி. "இதுக்கு மட்டும் நெசமாவே டாப்பெட்டுதான்" என்றார் அண்ணன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஏனென்றால் மூடியைக் கழற்றப் போகிறார்கள்! பிரியாணி தம் உடைக்கிற இடத்திலும், இன்ஜின் மூடி கழற்றுகிற இடத்திலும் நான் எப்போதும் முன்வரிசை.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செந்துறையைச் சுற்றி ஆலத்தியூர், தளவாய் என்று சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஷெட்டில் ஒரு ஏர் ஃபில்டரைத் தட்டினால் கோலமாவு மாதிரி கொட்டுகிறது. அந்தத் தூசி ஒரு காலத்தில் கடலடி. 2009இல் இதே செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் கூடுகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆக, பழசு என்ற சொல்லுக்கு இங்கே அளவுகோல் ஆறரைக் கோடி ஆண்டு. நாற்பது வயது அம்பாசடரை யாரும் கிழம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, பானட்டைத் தூக்கியாயிற்று. ஐடிஐ முடித்துவிட்டுத் தொழில் பழகுகிற பையன் இரண்டு நட்டைக் கழற்றி மூடியை மேலே எடுத்தான். உள்ளே தேன்நிற ஆயில் பூசிய ஒரு தண்டு. அதில் வரிசையாக எட்டு ராக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒருபக்கம் கீழிருந்து வருகிற புஷ் ராடு, மறுபக்கம் ஸ்பிரிங் மாட்டிய வால்வு. புஷ் ராடு தூக்கினால் ராக்கர் சாயும், வால்வு திறக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே ஒரு பொடி இடைவெளி விடவேண்டும். சூட்டில் வால்வு நீளும் அல்லவா? இந்த இன்ஜினுக்கு அது 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. நம் கணக்கில் 0.38 மில்லிமீட்டர். குறைந்தால் வால்வு முழுசாக மூடாமல் கருகும். கூடினால் ராக்கர் ஓடிவந்து மோதும். அந்த மோதல்தான் ஊரெல்லாம் புகார் சொல்கிற டிக் டிக்.

"ஒம்பது கணக்கு தெரியுமா?" என்று அண்ணன் பையனைக் கேட்டார். பையன் மடமடவென்று ஒப்பித்தான். எட்டாம் வால்வு முழுசாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வை செட் பண்ணவேண்டும். ஆறு திறந்தால் மூன்று. ஐந்து திறந்தால் நான்கு. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது! நாலு சிலிண்டருக்கு எட்டு வால்வு, கேம் ஷாஃப்ட்டின் மேடுகள் அமைந்திருக்கிற ஒழுங்கினால் இப்படி வருகிறது. கிராங்க்கைக் கையால் சுற்றி, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, லாக் நட்டை ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவை மயிரிழை திருப்பி, தகடு லேசாகக் கவ்வுகிறதா என்று விரலால் உணர்ந்து... எட்டும் முடிய டீ ஆறவில்லை.

வேடிக்கை என்னவென்றால் நாம் டாப்பெட் செட்டிங் என்று சொல்கிற இந்த வேலையில் டாப்பெட் கண்ணிலேயே படுவதில்லை. அது கீழே, பிளாக்குக்குள், கேம் ஷாஃப்ட்டின் தலைமேல் உட்கார்ந்து, கேம் மேடு தள்ளும்போது புஷ் ராடைத் தூக்கிவிடுகிறது. அம்பாசடரில் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, புஷ் ராடை உருவினால்தான் தரிசனம். வார்ப்பிரும்பு பிளாக்கில் துளைத்த ஓட்டையிலேயே அது நேராக ஏறி இறங்குகிறது. தனியாக ஒரு கைடு கிடையாது. இரும்புக்குள் இரும்பு, சண்டை சச்சரவு இல்லை.

"கைடு பாக்கணுமா? இங்க வாங்க தம்பி."

ஷெட்டின் பின்பக்கம் மரப்பெஞ்சில் ஒரு பழைய புல்லட்டின் கிராங்க் கேஸ். சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு வெறும் அலுமினியக் கூடாகக் கிடந்தது. 1955இலிருந்து சென்னையில் உருவாகி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து ஊர் ஊராகப் போன அதே புல்லட். அதன் வாய் ஓரத்தில் இரண்டு இரும்புக் குழாய்கள் பதிந்திருந்தன. கட்டைவிரல் தடிமன்தான். "இதான் டாப்பெட் கைடு. இதுக்குள்ளதான் டாப்பெட் ஓடும்." ஒரு டாப்பெட்டை எடுத்து ஆயிலில் தோய்த்துக் குழாய்க்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

பழைய புல்லட் ஓட்டிகளுக்கு இந்த இடம் பழக்கம். சிலிண்டருக்கு அடியில் வலதுபக்கம் ஒற்றை நட்டில் நிற்கிற சின்ன மூடியைக் கழற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ் ராடை இரண்டு விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஃபீலர் கேஜுக்கே வேலை இல்லை. பின்னால் வந்த புது இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிற டாப்பெட் வந்துவிட்டது. அந்த இரண்டு விரல் சுகம் போயிற்று.

"இந்தக் கைடு லூஸானா?" என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். "அலுமினியத்துல இரும்பச் சொருகுனா என்னைக்காவது ஒருநாள் கேக்கும்ல?"

இந்த இடத்தில்தான் நான் ஃபோனை எடுத்தேன். அதில் இருந்தது ஒரு ஜாகுவார் இன்ஜினின் தலை, அதாவது சிலிண்டர் ஹெட்டின் படம். அண்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

எக்ஸ்கே என்று பெயர். ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். இரண்டாம் உலகப்போரில் கவென்ட்ரி நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ஆலைக்கூரையில் தீக்காவல் முறைக்கு உட்கார்ந்த இரவுகளில் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்கள் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி மூவரும் போருக்குப் பிறகு என்ன இன்ஜின் செய்யலாம் என்று பேசிப் பேசி உருவாக்கியது. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எக்ஸ்கே120 காரில் வந்து இறங்கியது: 3,442 சிசி, 160 குதிரைத்திறன். லமான் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை ஜெயித்தது இந்த இன்ஜின்தான். ஸ்கார்பியன் என்ற இலகு ரக பீரங்கி வண்டிக்குள்ளும் போய் உட்கார்ந்தது. டெய்ம்லர் லிமோசின் வழியாக 1992 வரை உயிரோடு இருந்தது.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. பானட்டைத் தூக்கினால் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்பது லயன்ஸின் கட்டளை. அதனால்தான் பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு நீள அலுமினிய மூடிகள், வரிசையாக டோம் நட்டுகள். எட்டிப்பார்ப்பவர்களுக்காகவே செய்த இன்ஜின்! என்னை மாதிரி ஆட்களை 1948லேயே ஒருவர் மனதில் வைத்திருக்கிறார்.

"நம்ம அம்பாசடருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றான் பையன். இருக்கிறது தம்பி, இருக்கிறது. ஹாரி வெஸ்லேக் என்று ஓர் ஆள். இன்ஜின் தலைக்குள் காற்று எப்படி நுழைகிறது, எப்படிச் சுழல்கிறது என்பதை அளந்து பார்ப்பதே பிழைப்பு. ஜாகுவார் எக்ஸ்கே தலையின் காற்றுவழியை வளைத்துக் கொடுத்தவர் அவர். ஆஸ்டின் நிறுவனத்துக்கு இதய வடிவ எரியறையை வகுத்துக் கொடுத்தவரும் அவரே. அந்த ஆஸ்டின் வழியில் வந்த பி-சீரிஸ் இன்ஜின்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடம்போடு சேர்ந்து உத்தரபாராவில் அம்பாசடர் ஆனது. ஆக, கல்யாண ஊர்வல வண்டிக்கும் லமான் ஜெயித்த வண்டிக்கும் தலை வகுத்தவர் ஒருவர். பையன் அம்பாசடரை ஒரு புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தான்.

இப்போது ஜாகுவாரின் மூடிக்குள் போவோம்.

இங்கே புஷ் ராடும் இல்லை, ராக்கரும் இல்லை. கேம் ஷாஃப்ட் நேராக வால்வுக்கு மேலேயே சுற்றுகிறது. நடுவே ஒரு கவிழ்த்த இரும்புக் கிண்ணம், அதுதான் டாப்பெட். கேமின் மேடு கிண்ணத்தின் முதுகை அழுத்தும், கிண்ணம் வால்வை அழுத்தும். கிண்ணம் 1⅜ அங்குலம், சுமார் 35 மில்லிமீட்டர் குறுக்களவு. தலை முழுவதும் அலுமினியம் என்பதால் கிண்ணம் அதில் நேராக ஓடினால் ஓட்டை தேய்ந்துவிடும். அதற்காக வார்ப்பிரும்புக் கைடு ஒன்றை ஓட்டைக்குள் இறுக்கி வைத்திருக்கிறார்கள். கைடின் மேல் விளிம்பில் ஓர் உதடு. அந்த உதடு தலையில் வெட்டிய பள்ளத்தில் படிந்து உட்காரும். கீழே இறங்க வழியே கிடையாது.

மேலே வர?

அங்கேதான் கோளாறு. மேலே வராமல் கைடைப் பிடித்துவைத்திருப்பது இறுக்கம் ஒன்றே. ஓட்டையை விடக் கைடு 3 தௌ பெரிசு, அதாவது சுமார் 0.08 மில்லிமீட்டர். தலையை அடுப்பில் 150 டிகிரி செல்சியஸுக்கு அரைமணி சூடாக்கி, ஓட்டை விரிந்ததும் குளிர்ந்த கைடை உள்ளே இறக்குவார்கள். ஆறினதும் அலுமினியம் சுருங்கிக் கவ்விக்கொள்ளும்.

"வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்ட ஏத்துற மாதிரி" என்றார் அண்ணன் உடனே. "வறட்டியப் போட்டு மூட்டி, பட்ட செவந்து விரிஞ்சதும் கொறட்டால தூக்கிக் கட்டச் சக்கரத்துல மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. சொய்ங்னு புடிச்சிக்கும். எங்க ஊருல கொல்லாசாரி செய்யறத நின்னு பாத்திருக்கேன்."

அதே தத்துவம்தான். ஆனால் வண்டிச் சக்கரம் மறுபடி நெருப்புக்குள் போவதில்லை. இன்ஜின் தலை தினமும் போகிறது!

கணக்கைப் பாருங்கள். ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் விரிவது வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு. கைடின் வெளிச்சுற்று 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினிய ஓட்டை 0.09 மில்லிமீட்டர் அகலும். உள்ளே இருக்கிற இரும்புக் கைடு 0.045 அளவுதான் பருக்கும். மிச்சம் 0.045 இறுக்கத்திலிருந்து போய்விட்டது. இருந்ததே 0.08. பாதிக்கு மேல் காலி. ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கொதித்து, தலை இன்னும் ஒரு ஐம்பது அறுபது டிகிரி ஏறினால் கவ்வல் கிட்டத்தட்டப் பூஜ்யம். இதில் புகை வெளியேறுகிற எக்சாஸ்ட் வரிசைதான் அதிகம் சுடும். அதனால்தான் கைடு கழன்றுகொண்டது என்றால் எக்சாஸ்ட் கேமின் அடியில் முதலில் பாருங்கள் என்பார்கள். பலமுறை கொதித்து ஆறிய தலையில் ஆறின பிறகும் பழைய இறுக்கம் திரும்பாது.

தளர்ந்த கைடு என்ன செய்யும்? கிண்ணம் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் உரசலில் கைடையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். நகர்ந்து நகர்ந்து ஒருநாள் அதன் உதடு, சுற்றிக்கொண்டிருக்கும் கேம் மேட்டுக்கு எதிரில் தலையை நீட்டும். டக்! ஒரு சுற்றுக்கு ஓர் அடி. அடி வாங்கிய கைடு இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி அடி. விட்டுவைத்தால் விளிம்பு சில்லு சில்லாக உடைந்து ஆயிலோடு பயணம் போகும். அப்புறம் அந்தச் சில்லு எங்கெங்கே சிக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கொடுமை என்னவென்றால் இன்ஜின் ஆறியதும் அலுமினியம் சுருங்கிக் கைடை மறுபடி லேசாகப் பிடித்துக்கொள்ளும். ஃபீலர் கேஜை விட்டால் இடைவெளி கச்சிதம். இன்ஜின் ஓடிச் சூடேறினால் மறுபடி சத்தம். மெக்கானிக் தலையைச் சொறிவார், வண்டிக்காரர் மெக்கானிக்கைச் சந்தேகப்படுவார். மூடியைக் கழற்றி, கைடுகளின் உதடு எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, எதிலாவது கேம் இடித்த பளபளப்புத் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால்தான் திருடன் பிடிபடுவான். இந்தத் தழும்புப் படத்தைத்தான் ஃபோனில் காட்டினேன். அண்ணன் பெரிதாக்கிப் பார்த்து, "அடப்பாவி, நல்லா வாங்கியிருக்கான்" என்றார்.

வைத்தியம் இரண்டு வகை.

ஒன்று, முழுமுறை. தலையை இறக்கவேண்டும். பழைய கைடைக் குடைந்து குடைந்து மெல்லிய ஓடாக்கினால் தானாகக் கழன்று வரும். ஓட்டையை அளந்து, அதற்கு 3 தௌ கூடுதலாகப் புதுக் கைடைக் கடைந்து, தலையைச் சூடாக்கி இறக்கி, உதடு பள்ளத்தில் சமமாகப் படிந்ததா பார்த்து, ஆறிய பின் உள் ஓட்டையை ரீமர் விட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவரவேண்டும். நல்ல லேத்தும் பொறுமையான கையும் இருந்தால் வரும் வேலை. பணமும் வேண்டும், அதை மறந்துவிட்டேனே.

இரண்டாவது, அமுக்குத் தகடு. உலகம் முழுக்க ஜாகுவார்க்காரர்கள் அதிகம் கையாள்வது இதைத்தான். பக்கத்துப் பக்கத்துக் கைடுகளுக்கு நடுவே தலையில் ஓட்டை போட்டு, மரை வெட்டி, சின்ன எஃகுத் தகடு ஒன்றை ஸ்க்ரூ வைத்து இறுக்கிவிடுவது. தகடு இரண்டு பக்கத்து உதடுகளையும் ஒரே நேரத்தில் அமுக்கும். கைடு தளரலாம், ஆனால் எழும்ப முடியாது. தலையை இறக்காமலே வேலை முடிகிறது. பஞ்ச் வைத்து உதட்டைச் சுற்றி அலுமினியத்தைத் தட்டி மடக்குகிற மூன்றாவது வழியும் உண்டு. சூட்டில் இளகுகிற உலோகத்தை அதே சூட்டுக்கு எதிராகக் காவல் வைக்கிற அந்த வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தகட்டுப் படத்தைப் பார்த்ததும் அண்ணன் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இன்ஜின் மேலயே ட்ரில் போடறான். பொடி எங்க போவும்?"

பாருங்கள், கைவேலைக்காரர் கண் எங்கே போகிறது என்று! இரும்புப் பொடி என்றால் காந்தத்தை நீட்டி வாரிவிடலாம். அலுமினியப் பொடியைக் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. கைடுக்குப் பக்கத்திலேயே ஆயில் கீழே இறங்குகிற வழிகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. ஒரு சுருள் விழுந்தால் நேராக ஆயில் சம்ப்புக்குத்தான் சவாரி. அதற்கு விடை கிரீஸ். முதலில் எல்லா வழியையும் துணி வைத்து அடைக்கவேண்டும். ட்ரில் பிட்டிலும் மரை வெட்டுகிற டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொள்ளவேண்டும். பொடி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் துளை, வெளியே எடு, துடை, மறுபடி கிரீஸ். எவ்வளவு ஆழம் போகலாம் என்று பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் கை தாண்டாது. அண்ணன் தலையாட்டினார். "கிரீஸு சரி. நான்னா வேக்குவமும் பக்கத்துல வச்சிப்பேன்." அவரிடம் இருந்தது வீட்டில் ஒட்டடை இழுக்கிற பழைய வேக்குவம் கிளீனர். குழாய் நுனியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிச் சந்துக்குள் நுழைகிற மாதிரி பண்ணியிருந்தார்!

ஸ்க்ரூவுக்கு மரைப்பூட்டுப் பசை வைக்கவேண்டும். கழன்றால் விழுவது கேமின் நடுவே. தகட்டை மாட்டியபின் கேம் மேடு அதில் எங்கும் உரசாமல் போகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கேம் ஷாஃப்ட்டைக் கழற்றியாகவேண்டுமே! அதுதான் இந்த நாடகத்தில் நெஞ்சு படபடக்கிற காட்சி. இரட்டைக் கேம் இன்ஜினில் செயினை விடுவித்தபின் ஒரு கேமை மட்டும் தனியாகச் சுற்றிவிட்டால், திறந்து நிற்கிற இன்லெட் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். வால்வு வளைந்தால் வந்த வேலையை விட்டுவிட்டுத் தலையை இறக்கவேண்டியதுதான். அதனால் டைமிங் குறியைப் பார்த்து நிறுத்தி, செயின் பற்சக்கரத்தைக் கேமிலிருந்து பிரித்து அதற்கென்று இருக்கிற தாங்கியில் தொங்கவிடவேண்டும். அதன்பிறகு கிராங்க் பக்கமே கை போகக்கூடாது. கேமைப் பிடித்திருக்கிற நான்கு மூடிகளையும் ஒன்றை முழுசாக, இன்னொன்றை அப்புறம் என்று கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றி வந்து தளர்த்தவேண்டும். திறந்திருக்கிற வால்வின் ஸ்பிரிங் கேமை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருபக்கம் மட்டும் விட்டால் கேமே முறியலாம்.

"கிராங்க்கு மேல ஒரு அட்டை மாட்டிடணும். 'தொடாதே'ன்னு" என்றான் பையன். அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தார். அம்பாசடரின் ஃபேன் பிளேடைச் சும்மா சுற்றி விளையாடிக்கொண்டிருந்த கை அவனுடையது.

"இந்த ஜாகுவாரு நம்ம பக்கமெல்லாம் எங்க வரப்போவுது" என்றார் ஒருவர், அம்பாசடர்க்காரரோடு வந்தவர். வராமல் என்ன? 2008இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடா வாங்கியாயிற்று. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. பழைய எக்ஸ்கே வண்டிகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். செந்துறைக்கு வருமா என்பது வேறு விஷயம். அண்ணன் மட்டும் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு, மரை என்ன அளவு, அங்குலமா மெட்ரிக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கேமைத் திரும்ப மாட்டியதும் கடைசிக் கட்டம், இடைவெளி. இங்கே ஸ்க்ரூ கிடையாது, லாக் நட் கிடையாது. கிண்ணத்தின் உட்புறத்துக்கும் வால்வு நுனிக்கும் நடுவே வட்டமான ஒரு குட்டி எஃகு வில்லை; ஷிம் என்பார்கள். அதன் தடிமனை மாற்றித்தான் இடைவெளியை மாற்றமுடியும். இந்த ஷிம்முக்கு ஜாகுவார்க்காரன் எழுத்து வைத்திருக்கிறான்! 'ஏ' என்றால் 85 தௌ தடிமன். 'பி' என்றால் 86. இப்படி ஒவ்வொன்றாக ஏறி 'இசட்' என்றால் 110. இருபத்தாறு எழுத்து, இருபத்தாறு தடிமன்.

பையனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சாக்பீஸால் தரையில் கணக்கே போட ஆரம்பித்துவிட்டான். இதே எக்ஸ்கேயின் 3.8 லிட்டர் இன்ஜினில் இன்லெட்டுக்கு 4 தௌ, எக்சாஸ்ட்டுக்கு 6 தௌ இருக்கவேண்டும். எக்சாஸ்ட்டில் அளந்தால் 9 வருகிறது, உள்ளே இருப்பது 'டி' ஷிம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தௌ அதிகம். 'டி'யிலிருந்து மூன்று எழுத்து தள்ளி 'ஜி' போடவேண்டும். 88க்குப் பதில் 91. சரியாகப் போச்சு! ஆனால் அந்த ஒரு எழுத்தை மாற்ற, கேமை மறுபடி கழற்றவேண்டும். பன்னிரண்டு வால்வுக்கும் முதலில் ஒரே மூச்சில் அளந்து எழுதிக்கொள்ளாவிட்டால் நாள் முழுக்கக் கழற்றி மாட்டுவதே வேலையாகிவிடும்.

"வால்வு சீட்டு தேய்ஞ்சா என்னாவும் சொல்லு" என்று அண்ணன் பையனை மடக்கினார்.

பையன் யோசித்தான். "வால்வு உள்ள போவும். அப்ப நுனி மேல வரும். கேப்பு கொறையும். ஷிம்மு மெல்லிசா போடணும். ஏ பக்கமா வரணும்."

"ஏயும் தடிமனா இருந்தா?"

"வால்வு நுனியக் கொஞ்சம் தேய்க்கணும். அதுக்கும் மேல போனா புதுச் சீட்டு."

"அதுக்கு மேலயும் போனா?"

பையன் முழித்தான்.

"ஓனருக்கு ஃபோன் போடணும்டா" என்றார் அண்ணன், அம்பாசடரின் மூடியைத் துடைத்துப் புது பேக்கிங்கை அதில் பதித்துக்கொண்டே.